தௌபிக் பாயும் எட்டு விதிகளும்

திருப்பூரில் குடிக்கிற தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டும். அறிவுரைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அதிலும் ப்ளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதத்தில், பரீட்சை எழுதிய பிள்ளை தெருவில் தலை காட்டினால் போதும். டீக்கடைக்காரர் ஒன்று சொல்வார், ஆட்டோக்காரர் அதற்கு நேர் எதிராக ஒன்று சொல்வார், எட்டாவதைத் தாண்டாத மேஸ்திரி எந்தக் கோர்ஸுக்கு இப்போது மவுசு என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். இப்படி ஊரெல்லாம் சில்லறையாகப் புழங்கிய சரக்கை மொத்த வியாபாரமாக எடுத்து நடத்தியவர் காதர்பேட்டை தௌபிக் பாய்.

அவருடைய அசல் தொழில் செகண்ட்ஸ். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய டீ-ஷர்ட்டில் ஒரு தையல் விட்டிருந்தாலோ, சாயம் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தாலோ பனியன் கம்பெனிக்காரர்கள் அதை ஒதுக்கி, மூட்டை கட்டி விற்றுவிடுவார்கள். அந்த மூட்டைகளை வாங்கி, தரம் பிரித்து, விலை அட்டை மாட்டி வெளியூர் வியாபாரிகளுக்குத் தள்ளிவிடுவது பாயின் வேலை. பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கடை, வேலம்பாளையத்தில் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய ஒரு மாடி வீடு, தவணை முடிந்த ஒரு ஸ்கூட்டர். நாற்பத்தாறு வயதுக்குள் அவர் சேர்த்த சொத்து இவ்வளவுதான். எட்டு விதிகளை அவர் தனியாக வைத்திருந்தார்.

விதிகள் பிறந்த கதை ஊருக்கே தெரியும். பாய் ப்ளஸ் டூவில் வேதியியலில் கோட்டை விட்டார். அவருடைய அத்தா ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். மகனைக் கூட்டிக்கொண்டு போய் இஸ்திரி மேசையில் நிறுத்தப் பார்த்தார். மகனுக்குச் சூடு பிடிக்கவில்லை. அங்கே இங்கே புரட்டி முதல் மூட்டையை வாங்கினான். மேலே இருந்த துணியெல்லாம் பளபளவென்று இருந்தது. வீட்டில் அவிழ்த்துக் கொட்டினால், அடியில் கிடந்த அத்தனை டீ-ஷர்ட்டிலும் கழுத்து தலை நுழையாத அளவுக்குச் சின்னது. அன்றிலிருந்து பாய் எந்த மூட்டையையும் மேலாகப் பார்த்து வாங்கியதில்லை. தோள்பட்டை வரை கையை விட்டு, அடியிலிருந்து நாலு துணியை உருவிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். இதுதான் முதல் விதி. கதையில் வருகிற டீ-ஷர்ட்டுகள் ஆரம்பத்தில் இருநூறாக இருந்தன. வருஷா வருஷம் குட்டி போட்டு இப்போது இரண்டாயிரத்தில் வந்து நிற்கின்றன.

மற்ற விதிகள் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டவை. தவணையில் பைக் எடுக்காதே. அவசரப்படுத்துகிறவனிடம் வாங்காதே. உழைத்தவனைக் கேட்காமல் உழைத்தவன் காசைத் தொடாதே. மூன்று மாதச் சாப்பாட்டுக்குப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் நான்காவது மாதத்தைப் பற்றிக் கனவு காண். ஏழாவது விதி என்னவென்று அவருக்கே சில மேடைகளில் மறந்து போகும். அந்த மாதிரி நேரத்தில் தாய் தகப்பனை மதி என்று சொல்லிச் சமாளித்துவிடுவார், அதற்கும் கைதட்டு விழும்.

கடைத்தெரு வியாபாரிகள் சங்கம் வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்யாண மண்டபத்தில் வழிகாட்டி முகாம் நடத்தும். பேச்சாளர் நிரந்தரமாகத் தௌபிக் பாய். பக்கத்துக் கடைக்காரரும் சங்கச் செயலாளருமான மயில்சாமி அவரை மேடைக்கு அழைக்கும்போது, காலேஜுக்கே போகாமல் காலேஜ் பிள்ளைகளுக்கு வழி சொல்பவர் என்பார். அதைப் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளும் பக்குவம் பாய்க்கு இருந்தது.

மேடையில் அவர் தவறாமல் காட்டும் உதாரணம் அவருடைய மகள் மெஹ்ஜபின். ஒன்பதாவது முடித்த லீவில் கடைக்கு வந்து உட்கார்ந்தவள். துணியைத் தொட்டுப் பார்த்து, சைஸ் பிரித்து, கடைக்கென்றே அச்சடித்த ஊதா நிற அட்டையில் விலை எழுதி நூலில் கோத்து மாட்டுவாள். துண்டுக்கு ஐம்பது பைசா கூலி. பெற்ற மகளுக்கே கூலி கணக்குப் போட்டுப் பேங்கில் கட்டுகிறேன், காசின் அருமை அப்போதுதான் தெரியும் என்று பாய் மைக்கில் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். சொன்னதில் பொய் இல்லை. மூன்று வருஷத்தில் எண்பத்தைந்தாயிரம் துணிக்கு அட்டை மாட்டி அவள் நாற்பத்திரண்டாயிரத்து ஐநூறு ரூபாய் சேர்த்திருந்தாள். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் பாய் மைக்கில் சொல்வதில்லை. பிள்ளை மைனர் என்பதால் பாஸ்புக்கில் கார்டியன் இடத்தில் அவர் கையெழுத்து இருந்தது, பணம் எடுக்கவும் அதுவே போதும்.

இந்த வருஷம் மெஹ்ஜபினே ப்ளஸ் டூ முடித்தாள். அறுநூறுக்கு ஐநூற்று நாற்பத்தொன்று. தனக்கு என்ன வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பம் எதுவும் இருக்கவில்லை. அரசு மகளிர் கல்லூரியில் பி.காம்., கூடவே சி.ஏ. முதல் பரீட்சைக்குப் பயிற்சி வகுப்பு. கல்லூரிக்குப் பெரிய செலவில்லை. பயிற்சி வகுப்புக்கு நாற்பதாயிரம். அதைத்தான் அவள் ஐம்பது ஐம்பது பைசாவாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஊருக்கே கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் ஆபீஸில், கணக்குக் கொடுக்கிற இடத்தில் இல்லாமல் கேட்கிற இடத்தில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை.

பாய்க்கு அது சப்பென்று இருந்தது. பெரிய பேச்சாளரின் மகள் அரசுக் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போனால் மேடையில் எப்படிச் சொல்வது? அந்த நேரம் பார்த்து ஒரு ஓட்டலில் கல்விக் கண்காட்சி வந்தது. ஏசி ஹாலில் இருபது கல்லூரிகளின் மேசைகள். அதில் ஒரு மேசையில் வேல்குமார் என்ற இளைஞர் உட்கார்ந்திருந்தார், டை கட்டிய அட்மிஷன் அதிகாரி. அவர் நீட்டிய புத்தகத்தில் கண்ணாடிக் கட்டடம், நீல நிற நீச்சல் குளம், நடுவில் சிரிக்கிற பெண் பிள்ளைகள். ஃபேஷன் மேனேஜ்மென்ட் படிப்பு. பாய் புத்தகத்தின் தாளை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். தாள் நல்ல தடிமன்.

வேல்குமார் திருப்பூர்க்காரர்களை நன்றாக அறிந்தவர். பீஸ் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்பதையெல்லாம் அவர் பேசவே இல்லை. குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று சொன்னார்.

"ரெண்டே சீட்டுத்தானுங்க பாய் இருக்குது. பின்னாடி நிக்கறாரு பாருங்க, பெரிய எக்ஸ்போர்ட்டருங்க, அவரும் அதத்தான் கேட்டுட்டிருக்காரு."

செகண்ட்ஸ் வியாபாரியிடம் இதைச் சொல்லக் கூடாது. பக்கத்துக் கடைக்காரன் கை வைத்துவிடுவான் என்றால், தூக்கத்திலும் எழுந்து அட்வான்ஸ் கொடுக்கிற இனம் அது. பாய் திரும்பிப் பார்த்தார். எக்ஸ்போர்ட்டர் என்று சொல்லப்பட்டவர் உண்மையில் இலவசமாகக் கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். பாயின் கண்ணுக்குக் காபி தெரியவில்லை, போட்டி தெரிந்தது. மறுநாள் காலை முதல் வேலையாகப் பேங்குக்குப் போய், மகள் கணக்கிலிருந்து நாற்பதாயிரத்தை எடுத்து, சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்தார். மூன்று விதிகள் ஒரே காலையில் காலி. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் முன்பணம் திருப்பித் தரப்படாது என்று இருந்தது, பாய் அடி வரைக்கும் போகவில்லை.

வீட்டில் மனைவி குல்சார் பேகத்திடம் சீட் வாங்கியாச்சு என்றார், யார் பணம் என்று சொல்லவில்லை. மகளிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது, ஏனென்றால் அவள் பாஸ்புக்கை வாரம் ஒருமுறை புரட்டிப் பார்க்கிறவள்.

மெஹ்ஜபின் அழவில்லை. தோழி மோனிஷாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி அந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனாள். கண்ணாடிக் கட்டடம் இருந்தது, முன்பக்கம் மட்டும். பின்னால் போனால் கான்கிரீட் தூண்களும் கம்பிகளும். நீச்சல் குளம் பக்கத்து ரிசார்ட்டுக்காரருடையது. ஃபேஷன் லேப் என்று எழுதிய அறையில் ஆறு தையல் மெஷின்கள், பாலித்தீன் உறை பிரிக்காமல். இங்கே பாடம் எப்போது ஆரம்பிக்கும் என்று வாட்ச்மேனைக் கேட்டார்கள். அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், தனக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்றும் அவர் சொன்னார். மெஹ்ஜபின் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அத்தாவிடம் படங்களைக் காட்டிப் பணத்தைக் கேட்டாள். பாய் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். வளர்கிற கம்பெனி என்றால் பின்பக்கம் அப்படித்தான் இருக்கும் என்றார். இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி கேட்டபோது, பொறுமை என்பது இளைஞர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கால் மணி நேரம் பேசினார். மூன்றாவது தடவை கேட்டபோது ஏழாவது விதியைச் சொன்னார். இதற்கு நடுவில் யாருக்கும் தெரியாமல் வேல்குமாரின் எண்ணுக்கு நாலு முறை அடித்துப் பார்த்துவிட்டார், யாரும் எடுக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து வருஷமாக மூட்டையின் அடியில் கை விடு என்று ஊருக்குச் சொன்ன வாயால், நான் மேலாகப் பார்த்து ஏமாந்தேன் என்று சொல்ல வரவில்லை. திங்கட்கிழமையோடு பயிற்சி வகுப்பில் சேர்க்கை முடிகிறது. அதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை முகாம்.

மண்டபம் நிரம்பிவிட்டது. இருநூறு பிள்ளைகள், பின்வரிசையில் பெற்றவர்கள். பெண்கள் பக்கத்தில் குல்சார் பேகம் சீக்கிரமே வந்து மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்திருந்தார். மைக் முன்னால் எழுந்து கேட்கப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள் என்று, துணி ஏற்றுகிற அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டுக் கேள்விப் பெட்டியாக வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே வெள்ளைத் துண்டுச் சீட்டுகள். பேர் எழுத வேண்டியதில்லை.

பாய் அன்றைக்குப் பேசியதுபோல் என்றைக்கும் பேசியதில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். மனசு சரியில்லாதபோது சிலருக்கு வாய் இன்னும் நன்றாக வேலை செய்யும். தலை நுழையாத டீ-ஷர்ட் மூவாயிரமானது. பேச்சு முடிந்து மயில்சாமி பெட்டிக்குள் கை விட்டு ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்தார். பைக் வாங்கலாமா, லோன் போட்டுப் படிக்கலாமா, காதலிக்கிற பெண்ணுக்குப் போன் வாங்கித் தருவது செலவா முதலீடா. பாய் ஒவ்வொன்றையும் பந்தாடினார். ஆறாவதோ ஏழாவதோ, கொஞ்சம் நீளமாக ஒன்று வந்தது. மயில்சாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"ஒரு வியாபாரி மேல் துணியை மட்டும் பார்த்து ஒரு மூட்டைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். கொடுத்த பணம் அவருடையது இல்லை. பணத்துக்கு உரியவரைக் கேட்கவும் இல்லை. மூட்டை மோசம் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவர் என்ன செய்ய வேண்டும்?"

தன் சொந்தப் பேட்டைக்குள் கேள்வி வந்துவிட்ட சந்தோஷத்தில் பாய் மைக்கைக் கையில் உருவி எடுத்துக்கொண்டார். காதர்பேட்டையில் இப்படி யாரார் இருக்கிறார்கள் என்று அவர் மனதில் இரண்டு மூன்று முகங்கள் வந்து போயின. அவர்கள்மேல் அவருக்கு நியாயமான கோபம் வந்தது.

"மொதல்ல அவனெல்லாம் வியாபாரியே இல்லீங்க. ஏமாந்தது தப்பில்ல, யாருந்தான் ஏமாறுவோம். அடுத்தவன் காசுல ஏமாந்தான் பாருங்க, அதுதான் தப்பு. அந்த அட்வான்ஸ் திரும்புதோ இல்லையோ, அது அவன் தலையெழுத்து. யாரு காசோ அவிங்க கையில, பைசா கொறையாம, அன்னைக்கே பொழுது சாயறதுக்குள்ள குடுத்துப்போடோணும். ஊடு வாசல வித்தாவது குடுக்கோணும். அதைய விட்டுப்போட்டு நாயம் பேசிட்டுத் திரியறவன் சோத்துல உப்புப் போட்டுத் திங்கறவனில்லீங்க."

கைதட்டு கூரையைப் பெயர்த்தது. குல்சார் பேகம் எல்லோருக்கும் பிந்தித்தான் தட்டுவதை நிறுத்தினார். தன் வீட்டுக்காரருக்கு இவ்வளவு நியாயம் தெரியும் என்பதில் அவருக்கு அன்றைக்கு உண்மையாகவே பெருமை.

மயில்சாமி அந்தச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்ததற்குப் பெட்டிக்குள் கையை விட்டார். தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்த பாயின் கண் மேசையில் விழுந்தது. மற்ற சீட்டெல்லாம் வெள்ளை. இது ஊதா. மூலையில் ஓட்டை, ஓட்டையில் கோத்த நூல். தினமும் அவர் கடையில் ஆயிரக்கணக்கில் தொங்குகிற அட்டை, அதன் பின்பக்கத்தில் தினமும் அவர் பார்க்கிற கையெழுத்து. டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார். நிமிர்ந்து பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்தார். நாலாவது வரிசையில் மோனிஷாவுக்குப் பக்கத்தில் மெஹ்ஜபின் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. கடையில் கூலிக் கணக்குப் பார்க்கச் சனிக்கிழமை சாயங்காலம் எப்படி உட்கார்ந்திருப்பாளோ அப்படித்தான் இருந்தாள்.

பெட்டிக்குள்ளிருந்து மயில்சாமியின் கை இன்னொரு ஊதா அட்டையோடு வெளியே வந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு எத்தன மணிக்குன்னு மட்டும் எழுதியிருக்குதுங்க. தலையும் புரியல, வாலும் புரியல. யாரோ வெளையாட்டுக்குப் போட்டிருக்குது போல. எடுத்து வெச்சிரட்டுங்களா பாய்?"

எடுத்து வைத்துவிட்டால் முடிந்தது. இருநூறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. மயில்சாமி அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார், இன்னும் நாலு கைதட்டு வாங்கிக்கொண்டு, பொன்னாடையோடு வீட்டுக்குப் போகலாம். திங்கட்கிழமையும் தன்பாட்டுக்கு வந்து போய்விடும். தௌபிக் பாய் அதையெல்லாம் யோசிக்கத்தான் செய்தார். நல்லவர் என்பதற்காக யோசிக்காமல் இருந்தார் என்று எழுதினால் அது இந்தப் பேனாவுக்கு இழுக்கு. யோசித்து முடித்தபோது மகள் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. தலை நுழையாத டீ-ஷர்ட்டை அத்தாவிடம் காட்டிய அன்றைக்குப் பிறகு அப்படி ஒரு வெட்கம் அவருக்கு வந்ததில்லை.

"ஆறு மணிக்குங்க," என்றார் மைக்கில். சொல்லிவிட்டு மைக்கை அதன் இடத்திலேயே மாட்டினார்.

மயில்சாமிக்கு அப்போதும் விளங்கவில்லை. குல்சார் பேகத்துக்கு விளங்கிவிட்டது. அவர் மயில்சாமி கையிலிருந்த ஊதா அட்டையைப் பார்த்தார், நாலாவது வரிசையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று மாதச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம் என்று பாயிடம் எதுவும் இருக்கவில்லை, அது மேடைக்கான விதி. தீபாவளி வியாபாரத்துக்கென்று குழந்தைகள் துணியில் நாலு மூட்டை கட்டி வைத்திருந்தார். மண்டபத்திலிருந்து நேராகக் கடைக்குப் போய் அந்த நாலையும் வாங்கின விலைக்கே எடுத்துக்கொள்ளச் சொல்லி மயில்சாமியைக் கேட்டார். மயில்சாமி, உங்கள் மூட்டையைச் சந்தேகப்படுவேனா பாய் என்று சொல்லிக்கொண்டே தோள்பட்டை வரை கையை விட்டு அடியிலிருந்து நாலு துணியை உருவிப் பார்த்தார். பாய்க்கு அது உறைத்தது. ஆனாலும் நாலு மூட்டைக்கும் அவரே கட்டை அவிழ்த்துக் கொடுத்தார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பணத்தோடு வீட்டுக்கு வந்தார். மெஹ்ஜபின் கூடத்தில் தரையில் உட்கார்ந்து ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து பாத்திரம் வைக்கிற சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகக் கேட்டது. பாய் எதிரில் உட்கார்ந்து பணத்தை அவள் முன்னால் வைத்தார்.

"தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு," என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை அவர் எந்த முகாமிலும் பேசியதில்லை. அதனாலோ என்னவோ கொஞ்சம் திக்கினார். மெஹ்ஜபின் தலையாட்டிவிட்டு நோட்டுகளை எண்ண ஆரம்பித்தாள். ஒருமுறை எண்ணினாள், திருப்பிப் போட்டு இன்னொரு முறை எண்ணினாள். சரியாக இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவத்தின் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

அது பேங்க் படிவம். மேலே இருந்த பேங்கின் பேரைப் பார்த்ததும் பாயின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது. மூடியைக் கழற்றிக்கொண்டு, கையெழுத்துப் போட இடம் தேடிப் படிவத்தின்மேல் குனிந்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் புரட்டினார். கார்டியன் என்ற சொல்லையே காணோம்.

"உங்க கையெழுத்து வேண்டாமுங்க அத்தா," என்றாள் மெஹ்ஜபின், தலை நிமிராமல். "வியாழக்கெழமையோட எனக்குப் பதினெட்டு முடிஞ்சுதுங்க."

பாய் பேனாவை மூடவில்லை. திறந்தபடியே கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த மகளின் பேனாவில் மை தீர்ந்து தேய்வதைப் பார்த்து, தன்னுடையதை அவள் பக்கம் நீட்டினார். அவள் அதைத் தன் உள்ளங்கையில் ஒருமுறை கிறுக்கிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.